பழி கோழியின் தலையில்

சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர் எமது பிரதேசத்தில் முதலில் கேட்கும் தீர்ப்பு, "இனிமேல் கோழியைத் தொடாதே" என்பதாகும். கிளினிக்கில் ஒரு தடவை, வீட்டில் ஒன்பது தடவை, கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் உறவினர் வாயால் கணக்கில்லாத தடவைகள் அந்தத் தீர்ப்பு அவருக்கு வாசிக்கப்படுகின்றது. அவரும் தலையாட்டுகின்றார். பிறகு பசி வருகின்றது. கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதோ கொத்துக் கடை மாத்திரம். அவர் ஒரு பார்சல் வாங்குகின்றார். அடுத்த கிளினிக்கில் குருதிப் பரிசோதனை அறிக்கை அவரைக் காட்டிக்கொடுக்கின்றது. குற்றவாளிக் கூண்டில் அவரும் கோழியும் சேர்ந்து நிற்கின்றனர்.

இந்த வழக்கில் உண்மையான எதிரி இன்னும் மன்றுக்கு அழைக்கப்படவே இல்லை என்பதுதான் எனது வாதம். கோழியில் குற்றம் சிறிது. அந்தக் கோழி புரண்ட தாச்சியில் குற்றம் பெரிது. தாச்சிக்குள் என்ன கொட்டப்படுகின்றது என்று கேட்கவேண்டியவர்கள் கேளாதிருப்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஊர் நிலைமையைச் சற்று விளக்கவேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமாகப் படுவான்கரை. நெல்லும் பாலும் அங்கே. கடைத்தெருவும் கந்தோர்களும் பெரிய வைத்தியசாலையும் இங்கே. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தனர். பாலம் வந்து பயணம் இலகுவானது உண்மையே. ஆயினும் டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்கள் இயந்திரத்துடன் பிணைந்திருக்கவேண்டிய ஒருவருக்குப் போக்குவரத்தும் காத்திருப்பும் சேர்ந்து ஒரு முழுநாள் போய்விடுகின்றது. விடியப்புறத்தில் எழும்பி, உப்பில்லாத கறி சமைத்து, சோறு கட்டிக்கொடுக்க எல்லா வீடுகளிலும் ஆள் இல்லை. அவர் எங்கே சாப்பிடுவார்? எந்த வைத்தியசாலை வாசலையும் போய்ப் பாருங்கள். கோழிக் கொத்து, கோழி பிறைட்றைஸ், டெவல் கோழி, புரியாணி. வேறு ஏதும் உண்டா?

பத்திரிகைத் தொழிலில் இரவு வேலை பார்த்தே மூப்பெய்தியவன் என்ற வகையில் கொத்துக் கடைகளுக்கு நான் அந்நியனல்லன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு ஊரில் எரிந்துகொண்டிருக்கும் ஒரே அடுப்பு அவர்களுடையதுதான். கொத்துரொட்டி கிழக்கிலங்கையிலே பிறந்தது என்று வெளியூரில் பெருமை பேசுவோரில் நானும் ஒருவன். ஆகவே, கடைக்காரர் மீது எனக்குக் காழ்ப்பு இருப்பதாக எவரும் கருதவேண்டியதில்லை. கணக்கு மட்டும் கேட்கின்றேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் வளர்ந்த ஒருவருக்கு விதித்துள்ள வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி. அதிலுள்ள சோடியம் ஏறத்தாழ 2 கிராம். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுநெறிகள் 2024 இல் புதுப்பிக்கப்பட்டபோதும் நோயாளிக்குச் சொல்லப்பட்ட எல்லை இதே 2 கிராம் சோடியந்தான். காலைத் தேநீருடன் தின்னும் பிஸ்கட்டிலிருந்து இரவுச் சாப்பாடுவரை அனைத்தும் இதற்குள் அடங்கவேண்டும்.

இனித் தாச்சிக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நாள் முழுவதற்குமான பங்கு அநேகமாக முடிந்தது. சுவைக்காக உதிர்த்துப் போடப்படும் சூப் கட்டியின் எடையில் ஏறக்குறையப் பாதி உப்பு. ரொட்டி மாவில் உப்பு. ஊறவைத்த கோழியில் உப்பு. தக்காளி சோஸில் உப்பு. மேலே ஊற்றும் குழம்பில் உப்பு. சீஸ் போட்டால் அதிலும் உப்பு. ஓரத்தில் வைத்துக் கட்டிக்கொடுக்கும் சில்லிப் பேஸ்டிலும் உப்பு. இத்தனையும் போட்டுவிட்டு, கடைசியாக ருசி பார்த்து, "கொஞ்சம் உப்புக் காணாது" என்று ஒரு சிட்டிகை!

அஜினமோட்டோவைப் பற்றி ஊரில் பெரிய பயம் உண்டு. சோடியத்தைப் பொறுத்தவரை அது சாதாரண உப்பை விடச் சாது. உப்பில் சோடியம் சுமார் 39 வீதம், அதில் சுமார் 12 வீதம். உப்பைக் குறைத்து அதற்குப் பதிலாகச் சிறிதளவு இதனைச் சேர்த்தால் இலாபங்கூட உண்டு. எமது கடைகளில் அது உப்புக்குப் பதிலாகப் போடப்படுவதில்லை, உப்புக்கு மேலே போடப்படுகின்றது. பிழை அங்கேதான்.

இந்த உப்பு உடலுக்குள் சென்று செய்வதென்ன? நல்ல சிறுநீரகம் மிகுதி உப்பைச் சிறுநீருடன் கழித்துவிடும். பழுதான சிறுநீரகத்தினால் அது முடியாது. தேங்கிய உப்பு தாகத்தை எழுப்பும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் அத்தண்ணீரும் வெளியேற வழியில்லை. கால் வீங்கும், குருதியமுக்கம் ஏறும், இருதயம் சிரமப்படும். சிறுநீர் கழிவதே அருகிவிட்ட நோயாளிக்கு நீர் நுரையீரலில் கோத்து, நடுச்சாமத்தில் படுக்கமுடியாமல் எழுந்து உட்காரவைக்கும். சித்திரை வெயிலில் படுவான்கரையில் இருப்பவரிடம், "தண்ணீரை அளந்து குடி" என்று சொல்வது எவ்வளவு கொடுமை! தாகத்தைத் தருவது பார்சல். அடக்கச் சொல்வது நாக்கை.

அப்படியானால் கோழிக்குக் குற்றமே இல்லையா? உண்டு, ஆனால் அது அளவின் குற்றம். சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 25 முதல் 30 கிராம்வரை புரதம் உள்ளது. டயலிசிஸ் நிலையை எட்டாத நாட்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது வழிகாட்டுநெறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு பெரிய பொரித்த கோழிக்காலை முழுமையாகத் தின்றால் அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். பருப்பும் மீனும் முட்டையும் சோறும் அதற்குப் பிறகு மேலதிகம். ஆகவே அவருக்குச் சொல்லவேண்டியது, "ஒரு வேளைக்குத் தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு" என்பது. தீப்பெட்டி அளவான ஒரு துண்டு ஏறக்குறைய 30 கிராம்.

டயலிசிஸ் செய்பவரின் கதை நேர்மாறானது. இயந்திரம் கழிவுடன் சேர்த்துப் புரதத்தின் கூறுகளையும் கழுவிவிடுகின்றது. அவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம்வரை புரதம் வேண்டும். அதே 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 72 கிராம்வரை. இவரிடமும் போய், "கோழியைத் தொடாதே, மீனைத் தொடாதே, முட்டையைத் தொடாதே" என்று மிரட்டினால் என்ன நடக்கும்? தசை கரையும், எதிர்ப்புச் சக்தி குன்றும். நோயால் மெலிந்தார் என்று ஊர் சொல்லும். பாதி மெலிவு எமது புத்திமதியால் வந்தது. இரண்டு நிலைகளில் இருக்கும் இருவருக்கு ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது வைத்தியமாகாது. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவரின் குருதி அறிக்கையைப் பார்த்து வைத்தியரும் போசணை ஆலோசகரும் இலக்கத்தில் சொல்லவேண்டும்.

நிற்க.

"பிறொயிலர் கோழிதான் சிறுநீரகத்தைத் தின்கிறது, நாட்டுக்கோழி என்றால் பயமில்லை" என்பது எமது தேநீர்க் கடைகளின் மருத்துவபீடம் வெளியிடும் அடுத்த அறிக்கை. ஹோர்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். பிறொயிலர் விரைந்து வளர்வது பல தலைமுறை இனத்தெரிவினாலும் தீவனத்தினாலும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு நாள்தோறும் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாத காரியம். நாட்டுக்கோழியிலும் புரதம் உண்டு, பொஸ்பரஸ் உண்டு. அதன் குழம்பிலும் கை நிறைய உப்பு உண்டு. இந்த வதந்தியின் பெரும் தீமை, நாட்டுக்கோழிக் குழம்பை வழித்துத் தின்பவருக்கு அது போலித் துணிவைக் கொடுப்பதாகும்.

சந்தேகப்படவேண்டிய கோழி வேறொன்று உண்டு. சொசேஜ், நக்கட்ஸ், பதப்படுத்தி உறையவைத்த இறைச்சி ஆகியவற்றில் ஈரம் காக்கவும் பதம் காக்கவும் பொஸ்பேற்று உப்புகள் சேர்க்கப்படுவது உலக வழக்கம். இறைச்சியில் இயற்கையாக இருக்கும் பொஸ்பரஸில் ஏறக்குறையப் பாதியைத்தான் குடல் உறிஞ்சும். சேர்க்கப்பட்ட பொஸ்பேற்றை அநேகமாக முழுவதையும் உறிஞ்சிவிடும். குருதியில் பொஸ்பரஸ் கூடினால் உடம்பெல்லாம் அரிப்பு, எலும்புத் தேய்வு, நாளடைவில் குருதிக் குழாய்களில் சுண்ணம் படிதல். அமெரிக்காவின் ஓஹையோவில் 279 டயலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. பொஸ்பேற்றுச் சேர்த்த உணவுகளை லேபிளிலும் துரித உணவுக் கடையிலும் இனங்கண்டு தவிர்க்கக் கற்பிக்கப்பட்டவர்களின் குருதிப் பொஸ்பரஸ் மூன்று மாதத்தில் மற்றவர்களை விடக் கூடுதலாகக் குறைந்தது. புதிய மருந்தெதுவும் கொடுக்கப்படவில்லை. தகவல் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். பொதியில் 450, 451, 452 என்ற இலக்கங்களைக் கண்டால் அது பொஸ்பேற்று. பொதியில் வாங்கினால் பார்க்கலாம். அதே சொசேஜ் கொத்துக்குள் நறுக்கிப் போடப்பட்டு வந்தால் எந்த லேபிளைப் பார்ப்பது?

இங்கே ஒரு கேள்வி எழலாம். சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தின் நோயல்லவா, அது கிணற்று நீராலும் விவசாய இரசாயனங்களாலும் வருவதல்லவா என்று. 1990 களில் மெதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாக நிறுவப்படாத அந்த நோய் பாரதூரமானது. அதற்காகவே பொலன்னறுவையில் சீன உதவியுடன் தேசிய சிறுநீரக வைத்தியசாலை 2021 இல் திறக்கப்பட்டது. வேண்டியதே. ஆனால் அந்தப் பேச்சு ஒரு பக்கவிளைவையும் உண்டாக்கியது. சிறுநீரக நோயென்றால் எங்கோ தண்ணீரில் வருவது என்று எம்மவர் எண்ணிக்கொண்டனர். உலகெங்கும் சிறுநீரகத்தை அழிப்பவற்றில் முதலிரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும். 2021 இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தோரில் மூவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம். அவர்களும் இதே கடைகளின் வாடிக்கையாளர்கள். இன்றைய கொத்துக் கடை வாடிக்கையாளர்தான் நாளைய டயலிசிஸ் வரிசையில் நிற்கப்போகின்றவர்.

எனது வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும் என்பதை அறிவேன்.

முதலாவது, "நோயாளி நாவை அடக்கவேண்டும்" என்பது. வள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பாலானவற்றை உண்ணும் அளவுக்கே ஒதுக்கினார் என்றும் நினைவூட்டுவார்கள். மெத்தச் சரி. ஆனால் அளவறிந்து உண்பதற்கு அளவு தெரிந்திருக்கவேண்டுமே! பார்சலைக் கட்டிய லஞ்ச் சீற்றின் மேல் எந்த இலக்கமும் இல்லை. கடைக்காரருக்கே தெரியாத அளவை நோயாளி எப்படி அறிவார்? தெரியாத ஒன்றை அடக்கவில்லை என்று ஒருவரைத் தண்டிப்பது நியாயமா?

இரண்டாவது, கடைக்காரர் சொல்வது: "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, உப்பைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும்." சாதாரண வாடிக்கையாளரின் கொத்தை மாற்றும்படி எடுத்த எடுப்பில் நான் கேட்கவில்லை. கேட்பவருக்குத் தனியாக ஒன்றைக் கொத்திக் கொடுக்க முடியாதா? காரம் வேண்டாம் என்ற பிள்ளைக்கு மிளகாய் போடாமல் கொடுக்கிறீர்கள். முட்டை வேண்டாம் என்றவருக்கு முட்டையில்லாமல் கொடுக்கிறீர்கள். சோஸும் சூப் கட்டியும் வேண்டாம் என்றவருக்கு மட்டும் கை ஓடாதா?

மூன்றாவது, "குறைந்த சோடியம் கொண்ட உப்பை எல்லாக் கடைக்கும் கொடுத்துவிடலாமே" என்னும் புத்திசாலித்தனமான யோசனை. இதுதான் ஆபத்தானது. அத்தகைய உப்புகளில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும். பழுதான சிறுநீரகம் பொற்றாசியத்தையும் கழிக்கமாட்டாது. அது குருதியில் ஏறினால் இருதயம் நின்றுபோகலாம். 2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வகை உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோது சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களை அப்பரிந்துரைக்குள் அடக்கவில்லை. நோயாளி அறியாமல் அவரது பார்சலில் உப்பின் இனத்தை மாற்றுவது, உப்பைக் கூட்டுவதை விட மோசமான காரியம்.

சட்டம் என்ன செய்கின்றது? 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் எம்மிடம் உண்டு. 2016 இல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கும், பின்னர் 2019 இல் பொதிசெய்த உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்புக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம். அந்த நிறக்குறி பொதியோடு நின்றுவிட்டது, தாச்சியை எட்டவில்லை. கடைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எலி, இலையான், கழிவுநீர், ஊழியரின் நகம், எல்லாவற்றையும் பார்க்கிறார், பார்க்கவும் வேண்டும். எலி விழுந்த சோறு ஒரு நாளில் வருத்தும். உப்பு விழுந்த சோறு பத்து வருடத்தில் கொல்லும். இரண்டாவதைப் பார்க்க அவரது படிவத்தில் ஒரு கூடு வேண்டாமா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் மாகாணத்தில் 2011 இல் உணவக மேசைகளிலிருந்து உப்புக் குப்பிகள் அகற்றப்பட்டன. நியூயோர்க் மாநகரம் 2015 இல் விதியொன்றைக் கொண்டுவந்தது. 2300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கொண்ட பண்டத்துக்குப் பக்கத்தில், பல கிளைகளைக் கொண்ட உணவகங்கள் உப்புக் குப்பிப் படமொன்றைப் போடவேண்டும். உணவக உரிமையாளர் சங்கம் நீதிமன்றம் சென்று தோற்றது. கடைகள் எவையும் மூடப்படவில்லை. படம் மட்டும் ஏறியது.

எமது சபைகளுக்கு 2023 மார்ச் முதல் 2025 மே வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது இருக்கின்றார்கள். மாநகர சபையும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் உபவிதி ஆக்கும் அதிகாரமும் வியாபார அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரமும் உடையவை. ஆகவே வாவியின் இருகரைச் சபைகளிடமும் எனது கோரிக்கைகள் இவை.

ஒன்று, வைத்தியசாலை வாசல்களை அண்டிய சாப்பாட்டுக் கடைகள் உப்புக் குறைந்த பார்சல் ஒன்றையாவது நாள்தோறும் வைத்திருக்கவேண்டும் என்பதை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குங்கள். வெறும் சோறு, அவித்து நீரிறுத்த இரண்டு சிறு கோழித்துண்டு, மிளகு, மஞ்சள், இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை, சிறிது தேசிப்புளி. சோஸ் இல்லை, கட்டி இல்லை, குழம்பு இல்லை. கோழியைச் சிறிதாக வெட்டி நீரில் அவித்து அந்நீரை ஊற்றிவிட்டால் பொஸ்பரஸும் பொற்றாசியமும் ஓரளவு குறையும் என்பதால்தான் அவிக்கச் சொல்கின்றேன். இந்தச் சமையலுக்குப் பட்டம் தேவையில்லை.

இரண்டு, எந்தக் கடையாயினும் சோஸ், சூப் கட்டி, சொசேஜ் ஆகியவற்றைப் பண்டத்தில் சேர்த்தால் விலைப்பட்டியலில் தமிழில் எழுதவேண்டும். சில்லிப் பேஸ்டும் குழம்பும் தனியாகக் கட்டப்படவேண்டும்.

மூன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையில் உப்பும் சேரவேண்டும். எத்தனை மேசைக்கு எத்தனை போத்தல் சோஸ் போகின்றது என்று கொள்வனவுச் சிட்டையைப் பார்த்தாலே பாதி விடயம் விளங்கிவிடும்.

நான்காவது கோரிக்கை கிளினிக்குகளுக்கு. "கோழி வேண்டாம்" என்ற வாக்கியத்தைக் கைவிடுங்கள். நோயின் நிலையையும் நோயாளியின் எடையையும் பார்த்து, எத்தனை துண்டு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எப்படிச் சமைத்தது என்று தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். படுவான்கரைத் தாய் ஒருத்திக்கு மில்லிகிராம் விளங்காமற் போகலாம். தீப்பெட்டியும் தேக்கரண்டியும் நிச்சயம் விளங்கும்.

இவை நடக்கும்வரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. கேட்டு வாங்குங்கள். "சோஸ் போடாதே தம்பி, கட்டி போடாதே, குழம்பு ஊற்றாதே, பேஸ்ட் வேண்டாம்" என்று தாச்சிக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். சொல்ல வெட்கப்படுவதற்கு நீங்கள் யாருடைய உப்பையும் தின்று கடன்பட்டவர்களல்லர். பத்துப்பேர் கேட்டால் கடைக்காரர் பதினோராவது ஆளுக்குக் கேளாமலே செய்து கொடுப்பார். வியாபாரத்தின் இயல்பு அது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம்மவர் பழமொழி. சிறுநீரக நோயாளிகள் அதைப் பிசகாமல் கடைப்பிடித்து வருகின்றார்கள். நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காரும்போதெல்லாம் அவர்கள் உப்பிட்டவரை நினைக்கவே செய்கின்றார்கள். இட்டவர்களும், இட விட்டுப் பார்த்திருப்பவர்களும் அவர்களை ஒரு தடவையாவது நினைக்கட்டும்.